மூன்று புள்ளிகளும் இரண்டு சிவப்புக் கோடுகளும்

அத்தை வீட்டு வாசலில் மாட்ட ஒரு பெயர்ப் பலகை செய்தேன். நல்ல தேக்கு, 280 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம். 'அன்னை இல்லம்' என்று இரண்டே சொல். அதில் மொத்தம் மூன்று புள்ளி: ன்னுக்கு ஒன்று, ல்லுக்கு ஒன்று, ம்முக்கு ஒன்று. லேசர் ஓடி முடித்து, புகை அடங்கி, மூடியைத் திறந்து பார்த்தால் பலகையில் 'அனனை இலலம' என்று இருக்கிறது. எழுத்தெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்திருக்கிறது, ஓரமெல்லாம் சுத்தம், நிறமும் நான் நினைத்த அதே கருப்பு. மூன்று புள்ளி மட்டும் பலகையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்க் காற்றில் எரிந்திருக்கிறது. விளிம்பில் லேசாகக் கரி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "பழைய ஓலைச்சுவடியில எல்லாம் புள்ளி வெக்க மாட்டாங்க அத்தை, ஓலை கிழிஞ்சிடும்னு. இது அந்த ஸ்டைல்" என்று சமாளித்துப் பார்த்தேன்.

"நீ எழுதினது தேக்குலடா" என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் என் மெஷினில் பாயின்டர் இருந்தது. லேசர் எங்கே விழப் போகிறது என்று காட்டுவதற்காகவே நானே வாங்கி, நானே மாட்டி, ஆறு மாதமாகப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளி. அதை நம்பித்தான் கெட்டேன். பாயின்டரே இல்லாமல் இருந்திருந்தால் வழக்கம்போல ஒட்டுத்தாள் ஒட்டிச் சோதித்துவிட்டுத்தான் ஓட்டியிருப்பேன், பலகை பிழைத்திருக்கும்.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கே40 என்று பெயர். அது ஒரு கம்பெனியின் பெயர் இல்லை. சீனாவில் பல இடங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி தயாராகி, உலகம் முழுக்க வீட்டு மாடிகளிலும் கார் ஷெட்டுகளிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு தகர டப்பா. உள்ளே சுமார் 70 செ.மீ. நீளத்துக்கு ஒரு கண்ணாடி டியூப், கார்பன் டை ஆக்சைடு லேசர், பெயருக்கு 40 வாட். வேலை செய்யும் இடம் 300க்கு 200 மி.மீ. மூன்று மிரர், ஒரு லென்ஸ், இரண்டு மோட்டார், ஒரு பம்ப். டியூபுக்கு ஓயாமல் தண்ணீர் ஓட வேண்டும். சென்னையில் மே மாதம் வாளித் தண்ணீரே 33 டிகிரி காட்டும்போது அது டியூபைக் குளிர்விக்கிறதா வேக வைக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும், அதனால் ஃப்ரீஸரில் பாதி இடம் நான் தண்ணீர் ஊற்றி வைத்த பாட்டில்களுக்கு. இதற்காக வீட்டில் நடந்த பேச்சுவார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இங்கே முக்கியம். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். நம் கண் பார்ப்பது சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. ஆகவே, எரிந்த பிறகுதான் அது எங்கே விழுந்தது என்று தெரியும். (இந்த லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் சி. குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் இன்ஜினியரிங் படித்தவர். ஒவ்வொரு முறை பலகை வீணாகும்போதும் அவரை நினைத்துக்கொள்வேன், திட்டுவதற்காக இல்லை.)

பாயின்டர் இல்லாதவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். மரத்தின் மேல் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி, ஹெட்டை (லென்ஸைத் தாங்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும் பகுதி) குத்துமதிப்பாகக் கொண்டுபோய் நிறுத்தி, மூடியைச் சாத்தி, டெஸ்ட் பட்டனை ஒரு தட்டுத் தட்டுவது. டேப்பில் ஒரு குட்டித் தழும்பு விழும். அது சரியான இடத்தில் இல்லையென்றால் ஒரு மில்லி இடது, அரை மில்லி கீழே என்று நகர்த்தி மறுபடி தட்டுவது. சரியாக வரும். ஆனால் ஒரு கீ செயினுக்கு ஐந்து முறை மூடியைத் திறந்து மூட வேண்டும். முப்பது கீ செயின் என்றால் மனிதன் பொறுமை இழப்பான். நானும் இழந்தேன்.

முதலில் வாங்கியது எல்லாரும் வாங்கும் அந்தக் குட்டி லேசர் மாட்யூல்தான். ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், 6 மி.மீ. விட்டம், பித்தளைக் கூடு, 650 நானோமீட்டர் சிவப்பு, 5 வோல்ட், ஒரு சிவப்பு ஒயர் ஒரு நீல ஒயர். ஒரு அலுமினியப் பட்டையை வளைத்து நாசிலின் (ஹெட்டுக்கு அடியில் லேசர் வெளியே வரும் குழல்) முன்பக்கம் சாய்வாக மாட்டினேன். முதலில் க்ளூ கன்னால் ஒட்டினேன், அது இரண்டாம் நாள் வெயிலிலேயே இளகிப் புள்ளி எங்கேயோ போய்விட்டது, அப்புறம்தான் பட்டையும் ஸ்க்ரூவும். டேப்பில் ஒரு தழும்பு விழவைத்து, சிவப்புப் புள்ளி அந்தத் தழும்பின் மேல் உட்காரும்வரை பட்டையை வளைத்தேன். பத்து நிமிட வேலை. அப்புறம் ஆறு மாதம் சந்தோஷம்.

அந்த ஆறு மாதமும் நான் வெட்டியது 3 மி.மீ. ப்ளைவுட்டும் 3 மி.மீ. அக்ரிலிக்கும். கோல அச்சு, தாம்பூலப் பையில் கட்டும் பெயர் அட்டை, கொலுவுக்குத் தோரணம், இந்த மாதிரி. எல்லாம் ஒரே கனம், பெட் (பலகையை வைக்கும் தட்டு) ஒரே உயரம். புள்ளி எப்போதும் சரியாக இருந்தது. அது எப்போதுமே சரியாக இருக்கும் என்று நான் முடிவு கட்டியதுதான் தப்பு.

தேக்குப் பலகைக்கு வந்தபோது எழுத்து நல்ல கருப்பாக, நிரப்பினாற்போல வர வேண்டும் என்று ஆசை. அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. லென்ஸிலிருந்து பலகையின் மேற்பரப்பு 50.8 மி.மீ. தூரத்தில் இருந்தால் ஒளி ஊசிமுனை மாதிரி குவியும், கோடு மெல்லிசாக வரும். வேண்டுமென்றே கொஞ்சம் ஃபோகஸைக் கலைத்தால் கோடு தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மரம் ஆழமாகக் குழியாமல் சீராகக் கருகும். அதனால் பலகைக்கு அடியில் ஒரு துண்டைச் சொருகி 4 மி.மீ. உயர்த்தினேன். பிறகு சிவப்புப் புள்ளியைப் பலகையின் மேல் விளிம்போடு அழகாகச் சேர்த்து வைத்துவிட்டு ஸ்டார்ட் கொடுத்தேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று அத்தை சொன்னதால் எழுத்தின் மேல் வரும் புள்ளிக்கும் விளிம்புக்கும் நடுவே விட்டிருந்தது வெறும் 2 மி.மீ.

பாயின்டர் முன்பக்கத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்து வருகிறது. பலகை 4 மி.மீ. உயர்ந்தால், சாய்ந்து வரும் ஒளி பலகையை முன்கூட்டியே தொட்டுவிடும், சரியாக 4 மி.மீ. முன்னாலேயே. செங்குத்தாக இறங்கும் லேசருக்கு உயரம் பற்றிய கவலை இல்லை, அது இருந்த இடத்திலேயே இறங்கும். அதாவது புள்ளி விளிம்பில் இருந்தபோது உண்மையான லேசர் விளிம்பைத் தாண்டி 4 மி.மீ. பின்னால் நின்றுகொண்டிருந்தது. முழுப் பெயரும் 4 மி.மீ. மேலே ஏறிவிட்டது. பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. பாயின்டரை இன்னும் செங்குத்தாக, 30 டிகிரியில் வைத்திருந்தால் பிழை 2.3 மி.மீ. ஆகியிருக்கும். குறையும், ஆனால் போகாது. நாசில் குறுக்கே நிற்பதால் அதற்கு மேல் நெருங்கவும் முடியாது.

ஒவ்வொரு முறையும் மேற்பரப்பை 50.8இல் கச்சிதமாக வைக்கிறவருக்கு ஒற்றைப் புள்ளி போதும், அதில் பொய் இல்லை. சொல்லப்போனால் அதையே ஃபோகஸ் பார்க்கும் அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம்: தழும்பும் புள்ளியும் ஒன்றாக இருந்தால் உயரம் சரி, விலகினால் உயரம் தப்பு. ஆனால் நாம் வேண்டுமென்றே உயரத்தை மாற்றுகிற ஆட்கள். ஃபோகஸைக் கலைப்போம். 8 மி.மீ. எம்.டி.எஃப். வெட்டும்போது ஃபோகஸை மேற்பரப்பில் வைக்காமல் கனத்தின் நடுவில் வைப்போம். வளைந்த கொட்டாங்குச்சியில் பெயர் போடுவோம். அங்கெல்லாம் ஒற்றைப் புள்ளி பொய் சொல்லும், அதுவும் அடித்துச் சொல்லும்.

சரி, அடுத்து என்ன என்று யோசித்தபோது முதலில் கண்ணில் பட்டது பீம் கம்பைனர். டியூபுக்கும் முதல் மிரருக்கும் நடுவில் 45 டிகிரியில் ஒரு வட்டக் கண்ணாடி. சிங்க் செலினைடால் ஆனது, மஞ்சளாக இருக்கும். பின்னாலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு லேசரை உள்ளே விடும், பக்கத்திலிருந்து வரும் சிவப்பைப் பிரதிபலிக்கும். இரண்டும் ஒரே பாதையில் மூன்று மிரரையும் லென்ஸையும் கடந்து இறங்கும். எந்த உயரத்திலும் சரியாகக் காட்டும். கேட்க அருமையாகத்தான் இருக்கிறது.

நான் ஏன் வாங்கவில்லை என்றால், முதலாவது விலை; ஒற்றைப் புள்ளி மாட்யூலைப் போலப் பல மடங்கு. இரண்டாவது, கே40இன் வயிற்றில் டியூபின் வாய்க்கும் முதல் மிரருக்கும் இடையே இருக்கும் சந்தில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு தாங்கியைச் சொருகுவது எவ்வளவு இம்சை என்று. மூன்றாவது, இருக்கிற கொஞ்ச பவரில் சில சதவீதம் அந்தக் கண்ணாடியிலேயே போகும். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. லென்ஸும் சிங்க் செலினைடுதான், அது சிவப்பு ஒளியை அதிகமாக வளைக்கும், அதனால் 50.8 மி.மீ. லென்ஸில் சிவப்பு ஐந்தாறு மி.மீ. முன்னாலேயே குவிந்து, பலகைக்கு வரும்போது கொஞ்சம் ஊதிப்போன பொட்டாகத்தான் விழும். நடுமையம் சரியாக இருக்கும், ஆனால் ஊசிப்புள்ளியை எதிர்பார்க்காதீர்கள். அதைவிட ஆபத்து, சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறதே என்று அதை வைத்து மிரர்களைத் திருப்பி அலைன் செய்ய ஆரம்பிப்பது. கம்பைனரே கால் டிகிரி விலகியிருந்தால் நீங்கள் அலைன் செய்தது சிவப்பை, லேசரை இல்லை.

இன்னொரு வழி, பாயின்டரைச் சாய்க்காமல் ஹெட்டுக்குப் பக்கத்தில் நேர்க்குத்தாக மாட்டி, அது உண்மையான லேசரிலிருந்து எத்தனை மில்லி தள்ளி இருக்கிறது என்று சாஃப்ட்வேரிடம் சொல்லிவிடுவது. நேர்க்குத்து என்பதால் உயரப் பிரச்சினையே கிடையாது. மெஷினை இயக்கும் போர்டை மாற்றி லைட்பர்ன் என்ற சாஃப்ட்வேரை ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல வழி. என் மெஷினில் இருப்பது கூடவே வந்த எம்2 நானோ போர்டு, ஓட்டும் சாஃப்ட்வேர் கே40 விஸ்பரர். மேலும் 300 மி.மீ. பெட்டில் 30 மி.மீ.யைப் பாயின்டருக்கு மானியமாகக் கொடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் பிடித்த வழி இரண்டு கோடு. புள்ளி போடும் மாட்யூலுக்குப் பதிலாகக் கோடு போடும் மாட்யூல். அதன் முனையில் ஒரு சின்ன உருளை லென்ஸ் இருக்கும், ஒளியை விசிறி மாதிரி விரிக்கும். சுவரில் பட்டால் கோடு. ஆனால் காற்றில் அது ஒரு தகடு. ஊதுபத்திப் புகையைக் குறுக்கே விட்டுப் பாருங்கள், கண்ணாடித் தகடு மாதிரி சிவப்பாக நிற்கும், அதில் புகை சுருள் சுருளாக நகரும். நான் இதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேலை நின்றுவிட்டது.

அந்தத் தகட்டுக்குள்ளேயே லேசரின் செங்குத்துப் பாதை முழுவதும் அடங்கும்படி ஒரு மாட்யூலைத் திருப்பி வைக்கிறோம். வேறு திசையிலிருந்து இன்னொரு மாட்யூல், அதன் தகட்டுக்குள்ளும் அதே பாதை. இரண்டு தகடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு நேர்கோடு. அந்த நேர்கோடுதான் லேசரின் பாதை. இப்போது பலகையை 4 மி.மீ. உயர்த்தினாலும் சரி, 20 மி.மீ. இறக்கினாலும் சரி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் லேசர் விழும். கொத்தனார் மூலையில் தூக்குக்குண்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமிருந்தும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் சாய்வு ஏமாற்றும், இரண்டு பக்கமும் பார்த்தால் ஏமாற்றாது, அதே கணக்கு. இன்னும் ஒரு வசதி, லேசர் கொஞ்சம் கோணலாக இறங்குகிற மெஷினாக இருந்தாலும் தகடுகளை அந்தக் கோணலுக்கே பொருத்திக்கொள்ளலாம். கோணலைச் சரி செய்ய வேண்டும் என்பது வேறு விஷயம்.

கடையில் 'கிராஸ்' என்று ஒரே மாட்யூலில் கூட்டல் குறி போடுவதும் கிடைக்கும். அதை வாங்கிவிட்டு, இரண்டு கோடு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரே இடத்திலிருந்து சாய்ந்து வரும் கூட்டல் குறியும் ஒற்றைப் புள்ளியும் ஒன்றுதான், உயரம் மாறினால் அதுவும் ஓடிவிடும். எனக்கு விற்றவர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார், இதுதான் சார் எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க என்றார். வாங்கிட்டுப் போனவர்கள் 3 மி.மீ. ப்ளைவுட் மட்டுமே வெட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

கோடு மாட்யூல் இரண்டு வாங்கினேன். 12 மி.மீ. விட்டம், 35 மி.மீ. நீளம், முனையைத் திருகினால் கோட்டின் கனம் மாறும். இரண்டையும் பிடிக்க நாசிலைச் சுற்றி ஒரு வளையம் வேண்டும். நாசிலின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, 3 மி.மீ. அக்ரிலிக்கில் வளையமும் இரண்டு காதும் வரைந்து, அதே மெஷினிலேயே வெட்டினேன். காதுகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், ஒன்று இடப்பக்கம், ஒன்று முன்பக்கம். கோணம் கச்சிதமாக 90 ஆக இருக்க வேண்டியதில்லை, ஆனால் குறுகினால் கோடுகள் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும், எந்த இடம் என்று கண் தடுமாறும்.

ஒயரிங்கில் இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்பு, மெஷினின் பவர் சப்ளையிலேயே 5 வோல்ட் இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்தது. அந்த 5 வோல்ட்டை நம்பித்தான் போர்டே ஓடுகிறது, அதில் கை வைக்கக் கூடாது. மேலும் மலிவான மாட்யூல்கள் பலவற்றில் அந்த உலோகக் கூடே பாசிட்டிவ் முனை. சப்ளையின் நெகட்டிவ் மெஷின் பாடியோடு சேர்ந்திருந்தால், கூடு எங்காவது ஹெட்டைத் தொட்ட நிமிடம் ஷார்ட். எனக்கு ஒரு 'டிக்' சத்தத்தோடு மெஷின் அணைந்தது, நல்லவேளை வேறு எதுவும் போகவில்லை. இப்போது ஒரு பழைய செல்போன் சார்ஜர் தனியாக, மாட்யூல்களுக்கு மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை). இரண்டாவது தப்பு, கையில் இருந்த ஒற்றைக் கம்பி ஒயரைப் போட்டது. ஹெட் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை இடமும் வலமும் ஓடும். கம்பி இரண்டு வாரத்தில் உள்ளுக்குள்ளேயே முறிந்து, கோடு ஒரு பக்கம் போனால் எரியும் மறுபக்கம் வந்தால் அணையும். சிலிகோன் உறை போட்ட பல இழை ஒயருக்கு மாறினேன், அதை ஹெட்டுக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

வெளிச்சம் அதிகமாக இருந்தால் கோடு தடியாகத் தெரியும், ஓரம் கலங்கும். ஒரு 4007 டயோடைத் தொடரில் போட்டு 0.7 வோல்ட் குறைத்தேன். கோடு மங்கி, மெலிந்து, அரை மில்லிக்கு வந்தது. பாயின்டர் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் இங்கே மங்கல்தான் நல்லது, கண்ணுக்கும் நல்லது. பச்சை பளிச்சென்று தெரியுமே என்று பச்சை பாயின்டர் தேடுகிறவர்களுக்கு: மலிவுப் பச்சைகள் உள்ளே அகச்சிவப்பு லேசரை வைத்துத்தான் பச்சையை உண்டாக்குகின்றன, வடிகட்டி சரியில்லை என்றால் அந்த அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியே வரும், உங்களுக்குத் தெரியாது. சிவப்பே போதும்.

இனி பொருத்துவது. இதற்கு முன்னால் மிரர் அலைன்மென்ட் முடிந்திருக்க வேண்டும், பெட்டின் நான்கு மூலையிலும் லேசர் லென்ஸின் நடுவில்தான் விழுகிறது என்று உறுதியாக வேண்டும். அதைச் செய்யாமல் பாயின்டரைப் பொருத்துவது அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. அப்புறம் ஹெட்டை நடுவில் நிறுத்தி, தாழ்வான இடத்தில் ஒரு டேப், மூடியைச் சாத்தி ஒரு தட்டு. ஹெட்டை அசைக்காமல் 15 மி.மீ. மரத்துண்டு ஒன்றை அதன் மேல் வைத்து, அதிலும் டேப், மறுபடி ஒரு தட்டு. ஒரே செங்குத்துப் பாதையில் கீழே ஒரு தழும்பு, மேலே ஒரு தழும்பு. துண்டின் இடத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், எடுத்து வைத்து எடுத்து வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு மாட்யூலை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு கீழ்த் தழும்பின் நடுவில் போகும்படி காதை லேசாகத் திருப்பி ஸ்க்ரூவைப் பாதி இறுக்கவும். இப்போது மரத்துண்டை வைத்தால் கோடு மேல்த் தழும்பிலிருந்து பக்கவாட்டில் விலகி இருக்கும். எனக்கு முதலில் ஒன்றரை மில்லி விலகியிருந்தது. விலகலுக்குக் காரணம் தகடு செங்குத்தாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. அதற்கு மாட்யூலை அதன் ஓட்டைக்குள்ளேயே அச்சில் உருட்ட வேண்டும். விரல் நுனியால் ஒரு மயிரிழை உருட்டினால் போதும். உருட்டினால் கீழ்த் தழும்பு போய்விடும், மறுபடி காதைத் திருப்பு, மறுபடி மேலே பார், மறுபடி உருட்டு. முதல் மாட்யூலுக்கு ஏழு சுற்று ஆனது. இரண்டாவதற்கு நான்கு. கை பழகிவிட்டது. இரண்டு தழும்பிலும் கோடு போய்விட்டால் நடுவில் எந்த உயரத்திலும் போகும், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு 8 மி.மீ. துண்டை வைத்துச் சோதித்தேன், மனசு கேட்கவில்லை.

முதல் முறை இரண்டு கோட்டையும் சேர்த்துப் போட்டு, தேக்குத் துண்டைக் கையால் மெல்ல மேலே தூக்கிப் பார்த்தேன். கோடுகள் பலகையின் மேல் நீண்டும் குறைந்தும் நகர்கின்றன, வெட்டும் இடம் மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நிற்கிறது. கை நடுங்கினாலும் அது நடுங்கவில்லை. வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா, கூட்டல் குறி" என்றார்கள்.

குறைகளும் உண்டு. நிறமில்லாத அக்ரிலிக்கில் கோடு நிற்காது, ஊடுருவிப் போய்க் கீழே பெட்டில் விழும், வெட்டும் இடம் அங்கேயும் சரிதான், ஆனால் சாய்வாகப் பார்த்தால் அது அக்ரிலிக்கில் எந்த இடத்துக்கு நேர் என்று கண் ஏமாறும். மேலே ஒட்டி வரும் காகிதத்தைப் பிய்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு அக்ரிலிக்கில் கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டும். மரப்புகையில் இருக்கும் பிசின் மாட்யூலின் முனையில் படிந்து இரண்டு மாதத்தில் கோடு பூசணம் பிடித்த மாதிரி ஆகிவிடும். காது குடையும் பஞ்சில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போகும். ஹெட் எதிலாவது ஒரு முறை இடித்தால் மறுபடி இரண்டு தழும்பு, மறுபடி உருட்டல்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். பாயின்டர் வந்ததும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. என் மெஷின் வந்தபோது மூடியில் எந்த சுவிட்சும் இல்லை, திறந்திருந்தாலும் டெஸ்ட் பட்டன் அமுக்கினால் லேசர் சுடும். கை தவறி ஒரு முறை அமுக்கினால் போதும், பத்து மைக்ரான் ஒளி கண்ணின் மேல்தோலையே பொசுக்கிவிடும். அதனால் கோடு மாட்யூலை மாட்டும் அன்றே ஒரு மைக்ரோ சுவிட்சை வாங்கி, லேசரை ஆன் செய்யும் பட்டனின் ஒயரோடு தொடரில் போட்டு மூடிக்கு அடியில் வைத்தேன். மூடி திறந்தால் லேசர் இல்லை, கோடு மட்டும் எரியும். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. பாயின்டரைக்கூட அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் இதைச் செய்யுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், டியூபுக்குப் போகும் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில்.

அத்தைக்குப் புதுப் பலகை செய்து கொடுத்தாயிற்று. அதே தேக்கு, அதே 4 மி.மீ. உயர்த்தல், அதே 2 மி.மீ. இடைவெளி, இடைவெளியை அதிகமாக்கியிருக்கலாம், வீம்புக்கு ஆக்கவில்லை. மூன்று புள்ளியும் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் மாட்டிவிட்டார்கள்.

பழைய பலகையைத் தூக்கிப் போட மனசில்லாமல் மெஷினிலேயே வைத்திருக்கிறேன். கோடுகளைச் சரிபார்க்க ஒவ்வொரு வாரமும் அதன் மேல்தான் டெஸ்ட் பட்டனைத் தட்டுவது. போன வாரம் அத்தை வீட்டுக்கு வந்தபோது அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மை போட்ட மாதிரி பலகை முழுக்கக் கருப்புப் புள்ளி.

"இத்தனை புள்ளி வெச்சிருக்கியே, வெக்க வேண்டிய மூணு இடத்துல வெச்சியாடா?"

இல்லை. அங்கே மட்டும் இன்னும் வைக்கவில்லை.